பிரித்துப் பார்க்காத நோட்டு

மார்ச் 3

அண்ணிக்கு,

கவர் மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டிருக்க மாட்டீங்கன்னு நம்பி எழுதறேன். எதையும் படிக்காம கிழிக்கிற ஆள் இல்லை நீங்க. போன் பண்ணலாம்னா அண்ணன்தான் எடுப்பார். எடுத்து, "அவ குளிக்கிறா"ன்னு சொல்வார். ஏழு வருஷமா நீங்க குளிச்சுக்கிட்டே இருக்கீங்க.

விஷயத்துக்கு வரேன். என் பொண்ணு பாப்பாவைப் பத்தித்தான். அம்மா இறந்தப்ப நீங்க வந்திருந்தீங்களே, அப்ப பார்த்தது. இப்ப அவளுக்குப் பதினாறு. என்னைவிட நாலு விரல் உயரம். மூணு மாசமா அவ என்கிட்ட சரியாப் பேசறதில்லை. சண்டை போட்டுக்கிட்டுப் பேசாம இருந்தா எனக்குப் பழக்கம், சமாளிச்சுடுவேன். இது அப்படி இல்லை. கேட்டா பதில் வரும். "ம்." "சரி." "வேணாம்." அவ்வளவுதான். தட்டுல பாதிச் சோறு அப்படியே கிடக்கு. ஓட்டப் பயிற்சிக்குப் போறதை நிறுத்திட்டா. போன வாரம் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டனுப்பி, கணக்குப் பரீட்சையில வெறும் தாளைக் கொடுத்துட்டு வந்துட்டான்னு சொன்னாங்க.

அவ அப்பா கப்பல் கம்பெனி வேலைக்குப் போய் அஞ்சு வருஷம் ஆச்சு. வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். ரெண்டு பேர்ல ஒருத்தி பேசலைன்னா வீடு எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. நாள் முழுக்கப் பட்டறையில பல் செட் செய்யறேன். அந்தப் பல்லுங்களாவது என்னைப் பார்த்துச் சிரிக்குதுங்க.

நேத்து அவ படுக்கை விரிப்பை மாத்தும்போது தலையணைக்கு அடியில ஒரு நோட்டு. அழகான நோட்டு அண்ணி. கரும்பச்சைத் துணி அட்டை, தடிமனான தாள், ஓரமெல்லாம் பிசிறு பிசிறா, அடையாளத்துக்கு ஒரு நாடா. பிறந்தநாளுக்கு அவ அப்பாகிட்ட இருந்து வந்தது. பாதிக்கு மேல எழுதியிருக்கா போல. உள்ளே என்னென்னவோ ஒட்டி ஒட்டி, அட்டையே மூட மாட்டேங்குது. உங்க நோட்டெல்லாம் எப்படி இருக்குமோ, அப்படியே.

கையில வெச்சுக்கிட்டுக் கட்டில்ல உட்கார்ந்தேன். நாடா இருந்த இடத்துல விரலைக் கொடுத்துட்டேன். பிரிக்கலை. ஆனா பிரிக்கத்தான் போனேன், உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அப்பத்தான் உங்க முகம் ஞாபகம் வந்துது. அந்த ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு மேஜை, என் கையில உங்க நோட்டு, தண்ணி ஜக்கோட சமையலறை வாசல்ல நின்னீங்களே, அந்த முகம்.

இருந்த இடத்துலயே திருப்பி வெச்சுட்டேன். நாளைக்கும் வைப்பேனான்னு தெரியலை. யாராவது அவளை ஏதாவது பண்ணியிருந்தா? பதில் அந்த அட்டைக்குள்ள இருக்கு, நான் வெளியில நின்னு தவிக்கறேன்.

படிக்கலாமா, கூடாதா? இதைக் கேட்க உங்களை விட்டா எனக்கு ஆள் இல்லை. உங்ககிட்ட கேட்க எனக்கு யோக்கியதை இல்லைன்னும் தெரியும்.

சிட்டு


மார்ச் 10

சிட்டுவுக்கு,

படிக்காதே.

பயமாக இருந்தால் அவளிடமே கேள். யாராவது தொந்தரவு செய்கிறார்களா, உடம்புக்கு ஏதாவதா என்று சுற்றி வளைக்காமல் கேள். பதில் சொல்லும்போது அவள் முகத்தைப் பார். அதற்கு மேல் அந்த நோட்டு உன்னுடையது அல்ல.

திருப்பி வைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

உன் அண்ணன் நலம். லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் முழங்கையில் சிராய்ப்பு. பெரிதாக ஒன்றுமில்லை.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

பதில் வந்ததே பெரிசு. பட்டறையில வெச்சுப் பிரிச்சேன், கையெல்லாம் பல் அச்சு எடுக்கற மாவு, கவர் முழுக்க வெள்ளை வெள்ளையா விரல் பதிஞ்சு போச்சு. "படிக்காதே"ன்னு ஒரே வார்த்தை. திட்டின மாதிரியும் இருந்துது, கையைப் பிடிச்ச மாதிரியும் இருந்துது. ரெண்டுக்கும் நன்றி.

நீங்க சொன்ன மாதிரியே நேரா கேட்டேன். "யாரும் ஒண்ணும் பண்ணலைம்மா"ன்னா. முகத்தைப் பார்த்தேன், அது உண்மைதான். உடனே அவ என் முகத்தைப் பார்த்துக் கேட்டா:

"என் நோட்டைப் படிச்சியா?"

"இல்லை."

"அத்தை நோட்டைப் படிச்சியே."

அன்னைக்கு அவளுக்கு ஒன்பது வயசு அண்ணி. எனக்குப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தா. மறந்திருப்பான்னு நினைச்சேன். எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கா. நோட்டைத் தலையணைக்கு அடியில வைக்கிற பொண்ணா அவளை ஆக்கினது நான்தான்.

அதனால இப்பவாவது சொல்லிடறேன். அன்னைக்கு நான் தேடினது என் பேரை. ரெண்டு நாள் முன்னாடி உங்க மேஜையைத் துடைக்கும்போது ஒரு வரி கண்ணுல பட்டுது. "சிட்டு அறைக்குள் வந்தால் நாற்காலிகளுக்குக்கூடப் பேச இடம் கிடைப்பதில்லை." இப்ப நினைச்சா சிரிப்பு வருது, பொய்யும் இல்லை. அப்ப வயிறு எரிஞ்சுது. எல்லார் முன்னாடியும் உங்களைக் கேலி பண்ணணும்னு, உங்க குரல் மாதிரியே இழுத்து இழுத்து, கைக்கு வந்த பக்கத்தை வாசிச்சேன். "குழந்தை தங்கவில்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்காகத்தான் அழுதேன்." வாசிச்சு முடிக்கற வரைக்கும் நான் என்ன வாசிக்கறேன்னே எனக்குப் புரியலை. அம்மா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனப்பத்தான் உறைச்சுது.

அடுத்த மாசமே நீங்களும் அண்ணனும் ஊரை விட்டுப் போயிட்டீங்க. அம்மா இறந்தப்ப வந்தீங்க, மூணு நாள் இருந்து இழுத்துப் போட்டுக்கிட்டு வேலை செஞ்சீங்க, என்கிட்ட மட்டும் பேசலை. அது எனக்குச் சரியான தண்டனைதான். மன்னிச்சுடுங்க. இதை அப்பவே சொல்லியிருக்கணும். வாய்தான் நீளமே தவிர, வேண்டிய சமயத்துல அது திறக்காது.

இன்னொண்ணு கேட்கட்டுமா? நானும் எழுதிப் பார்க்கலாம்னு இருக்கேன். என் மனசுலயும் ஒரு பாரம் இருக்கு, யார்கிட்டயும் சொல்ல முடியலை. எப்படி ஆரம்பிக்கணும்?

சிட்டு


மார்ச் 26

சிட்டுவுக்கு,

வேலை அதிகம், அதனால்தான் தாமதம் என்று எழுதப் பார்த்தேன். பொய். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஏழு வருடம் அதற்காகக் காத்திருந்தேன். வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பரவாயில்லை" என்று எழுத முடியவில்லை, ஏனென்றால் அது பரவாயில்லாத விஷயம் அல்ல. அந்த வரியை நான் உன் அண்ணனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வாயால் சொல்ல முடியாமல்தான் தாளிடம் சொன்னேன். நீ அதை என் குரலிலேயே, சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தாய். மறு வாரம் என் ஐந்து நோட்டுகளையும் அப்போது வேலை பார்த்த அச்சகத்துக்கு எடுத்துப்போய், கழிவுத்தாள் சாக்கில் என் கையாலேயே போட்டேன். கூழாகியிருக்கும். அதன் பிறகு எனக்கென்று ஒரு வரி எழுதவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களில் பிழை திருத்துகிறேன். வாந்தி, தலைசுற்றல், அரிதாக மயக்கம். அவ்வளவுதான் என் எழுத்து.

இதைச் சொல்லாமல் உன் கேள்விக்குப் பதில் சொன்னால் அது நடிப்பாக இருக்கும். சொல்லிவிட்டேன்.

நல்ல நோட்டாகப் பார்த்து வாங்கு. அழகு எதற்கு என்பாய். வந்தவருக்கு மரியாதையாக ஒரு நாற்காலி போட்டால்தான் உட்கார்ந்து பேசுவார். துண்டுச் சீட்டில் எழுதினால் மனசும் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடும். தாள் தடிமனாக இருக்கட்டும், மை மறுபக்கம் ஊறக் கூடாது. தைத்த நோட்டாக இருந்தால் மேஜையில் விரித்து வைக்கும்போது தானாக மூடிக்கொள்ளாது. இடது பக்கத்தில், நீ படித்ததிலிருந்து ஒரு வரி, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். வலது பக்கத்தில், அது உனக்குள் என்ன செய்தது என்பது. நான் அப்படித்தான் செய்தேன். படிப்பதற்கும் அது நல்லது. ஒரு வரியைக் கையால் எழுதிப் பார்க்கும்போதுதான் அதை எழுதியவர் எங்கே மூச்சு விட்டார் என்று தெரியும்.

முதல் பக்கம் பயமுறுத்தும். ஒரு சொட்டு மையை வேண்டுமென்றே சிந்திவிடு. கெட்டுப்போன பக்கத்தில் எழுத யாருக்கும் பயமிருக்காது. அழகாக எழுத முயலாதே. நோட்டு அழகாக இருந்தால் போதும், அதற்குள் நீ தலை வாராமல் இருக்கலாம்.

பாப்பா உன்னை அப்படிக் கேட்டாள் என்று படித்ததும் வேலையை நிறுத்திவிட்டேன். அந்த மேஜையில் எனக்காக ஒருத்தி இருந்திருக்கிறாள். எனக்கு இத்தனை நாள் தெரியாது. எழுதித் தெரியப்படுத்தினாயே, அதற்கு நன்றி.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணிக்கு,

இது நீளமான கடிதம். தண்ணி குடிச்சுட்டு உட்காருங்க.

சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு வாங்கினேன். கடைக்காரர், "பரிசா கொடுக்கவா?"ன்னு கேட்டார். எனக்கேன்னு சொல்ல வெட்கமா இருந்துது. மை சிந்தச் சொன்னீங்க, நான் முழு மேஜையிலயும் சிந்தினேன். படிச்ச வரியை எழுதணுமே, வீட்ல பாடப்புத்தகத்தை விட்டா ஒண்ணும் இல்லை. பட்டறையில மாவுப் பையில அச்சடிச்சிருந்ததை எழுதினேன். இடது பக்கம்: "நூறு கிராம் பவுடருக்கு முப்பது மில்லி தண்ணீர் சேர்க்கவும்." வலது பக்கம்: "எல்லாத்துக்கும் பையில அளவு போட்டிருக்காங்க, பொண்ணு வளர்க்கறதுக்கு மட்டும் ஒண்ணும் போடலை." எழுதினதும் எனக்கே ஆச்சரியம். நானா எழுதினேன்னு திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்புறம் நூலகத்துல பேர் பதிஞ்சு ஒரு நாவல் எடுத்தேன். காலையில வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் படிப்பு, ஒரு பக்கம் எழுத்து.

ஒரு வாரம் கழிச்சு அந்தப் பாரம் தானா வெளியில வந்துடுச்சு. உங்களுக்கும் சொல்லிடறேன். பாப்பாவோட அப்பா இனிமே வரமாட்டார். போன வருஷமே எழுதிட்டார், அங்கேயே வேற குடும்பம் ஆயிடுச்சுன்னு. நான் யார்கிட்டயும் சொல்லலை, அண்ணன்கிட்டகூட. பாப்பாகிட்ட, அப்பா நடுக்கடல்ல இருக்கார், போன் கிடைக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ பிறந்தநாளுக்கு வந்த அந்தப் பச்சை நோட்டு அவர் அனுப்பினது இல்லை. நான் வாங்கி, நானே பார்சல் கட்டி, "அப்பா அனுப்பியிருக்கார்"னு கொடுத்தது. இதையெல்லாம் சிவப்பு நோட்டுல அப்படியே எழுதினேன். "இவகிட்ட எப்படிச் சொல்றது, தாங்குவாளா"ன்னு அதுதான் கடைசி வரி.

வியாழக்கிழமை அவசரமா ஒரு பல் செட் கேட்டாங்க. காலையில விழுந்தடிச்சுக்கிட்டு ஓடினேன். நோட்டு மேஜை மேலேயே, விரிச்சபடியே. மத்தியானம் ஞாபகம் வந்து, பாதி வேலையில வீட்டுக்கு ஓடி வந்தேன். பாப்பா மேஜையில உட்கார்ந்திருந்தா. கையில என் நோட்டு.

எனக்கு அப்ப எப்படி இருந்துது தெரியுமா அண்ணி? உடுத்தின துணியெல்லாம் உருவிட்ட மாதிரி. இத்தனைக்கும் அவ சத்தமா வாசிக்கலை, கேலி பண்ணலை, தனியாத்தான் இருந்தா. நான் உங்களுக்குப் பண்ணினதுல இது கால்வாசிகூட இல்லை. அந்த வாசல்லயே நின்னேன்.

அவதான் பேசினா. "எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அப்பா வரமாட்டார்னு. பிறந்தநாள்ல இருந்தே தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அந்தப் பார்சலைப் பிரிச்சப்ப உன் கை வாசனை அடிச்சுது."

பல் செட்டுக்கு ஊத்தற திரவம் ஒண்ணு இருக்கு. என்ன சோப்பு போட்டாலும் அந்த நெடி விரலை விட்டுப் போகாது. அந்தக் காகிதத்துல, நூல்ல, எல்லாத்துலயும் அது ஒட்டியிருந்திருக்கு. சந்தேகப்பட்டு அவர் நம்பருக்குப் போன் பண்ணியிருக்கா. ஒரு சின்னக் குழந்தை எடுத்து, "அப்பா தூங்கறார்"னு சொல்லிச்சாம்.

"அப்பவே என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவர் என் பிறந்தநாளை மறந்ததை மறைக்கத்தான் நீ நோட்டு வாங்கினேன்னு, மத்தது உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு."

நாலு மாசத்துக்கு மேல எனக்காக அவ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கா. ஒரு வருஷமா அவளுக்காக நான் மூடிக்கிட்டு இருந்திருக்கேன். ஒரே விஷயத்தை ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒளிச்சு வெச்சுக்கிட்டு, ஆளுக்கொரு பக்கம் மெலிஞ்சு போயிருக்கோம். ரெண்டு பேரும் நல்லா அழுதோம். அப்புறம் பசிச்சுது. இருந்ததையெல்லாம் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். ரெண்டாம் தடவை சோறு கேட்டா.

கடைசியா சொன்னா, "அது பொய்யின்னு தெரிஞ்சும் அந்த நோட்டுல எழுதினேன். நீ எனக்காகத் தேடித் தேடி வாங்கினதாச்சே"ன்னு.

அன்னைக்கு நான் அதைப் பிரிச்சுப் படிச்சிருந்தா விஷயம் தெரிஞ்சிருக்கும். பொண்ணு கிடைச்சிருக்க மாட்டா. "படிக்காதே"ன்னு எழுதினீங்களே அண்ணி, அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன செய்யப்போறேன்னு தெரியலை.

சிட்டு


மே 4

சிட்டுவுக்கு,

உன் கடிதம் என் கைப்பையில் எட்டு நாட்களாக இருக்கிறது. உன் அண்ணனிடம் காட்டவில்லை. நீ அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். காட்டலாமா? நீ சரி என்றால் காட்டுகிறேன். "சிட்டு என்ன எழுதியிருக்கா" என்று தினமும் கேட்கிறார். "எழுத்துப்பிழைதான் நிறைய" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

ஒரு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாய். நாற்காலிகளுக்குப் பேச இடம் விடாத நீ, இதை மட்டும் பேசாமல் வைத்திருந்தாய். உன்னைப் பற்றி அன்று நான் எழுதியது பாதிதான் சரி. சத்தம் போடுகிறவர்களுக்குள் என்ன இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அதற்கு நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று. இதுவரை யாரிடமும் சொல்லாதது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன் அண்ணன் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நிம்மதின்னு எழுதினியே, அப்படின்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அந்தக் கர்ப்பம் எவ்வளவு பயமாக இருந்தது, அம்மாவாக ஆகத்தான் வேண்டுமா என்று எவ்வளவு குழம்பியிருந்தேன் என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். இன்று வரை நாங்கள் இருவர் மட்டும்தான், அதில் எங்களுக்குக் குறையில்லை. நீ வாசிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்குமா என்று தெரியாது. அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் அல்லவா.

நீதான் என் எழுத்தைப் பறித்தாய் என்று ஏழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வேலை பார்க்கும் அச்சகத்துக்கு எதிரிலேயே நோட்டுக் கடை. எந்த நாளிலும் நான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. கோபத்தை வைத்துக்கொள்வது நோட்டு வைத்துக்கொள்வதைவிடச் சுலபமாக இருந்தது. அதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை.

நேற்று உள்ளே போனேன். சாம்பல் நிற அட்டை, நீல நூல் தையல். இன்னும் ஒன்றும் எழுதவில்லை. மேஜையில் இருக்கிறது.

அண்ணி


மே 9

அண்ணிக்கு,

தாராளமா காட்டுங்க. கேட்டீங்களே, அது போதும். கைப்பையிலயே எட்டு நாள் வெச்சிருந்தீங்கன்னு படிச்சப்ப, பட்டறையில எல்லார் முன்னாடியும் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். மாவு கண்ணுல விழுந்துடுச்சுன்னு நினைச்சு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க.

பாப்பா ஓடப் போறா, காலையில என்னையும் எழுப்பி விடறா. வெறும் தாள் கொடுத்த கணக்குப் பரீட்சையைத் திரும்ப எழுத விட்டாங்க, பாஸ் ஆயிட்டா, அவ்வளவுதான், பெருமைப்பட ஒண்ணும் இல்லை. அவ அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதி அவளே தபால்ல போட்டா. என்ன எழுதினேன்னு சொல்லலை, நான் கேட்கலை. பதில் வரலை. வந்தா பார்த்துக்கலாம்னு இருக்கா, நானும் அப்படித்தான்.

பள்ளிக்கூட லீவுக்கு நீங்க வரணும்னு அவளே சொல்லச் சொன்னா. "அத்தை என்ன படிக்கிறாங்கன்னு கேளு"ன்னா. அண்ணனுக்கு லீவு கிடைக்கலைன்னா நீங்க மட்டுமாவது வாங்க. உங்களுக்குன்னு ஜன்னலோரம் ஒரு மேஜையைக் காலி பண்ணி வெச்சிருக்கேன். நான் அதைத் துடைக்கக்கூட வர மாட்டேன், தூசி இருந்தா நீங்களே ஊதிக்கங்க.

சிட்டு


ஜூன் 16

சிட்டுவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்ததை எதிரே இருந்த ஒரு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டும் மிச்சமிருந்தது.

அந்த ஐந்து நாளுக்கும் உனக்கு நன்றி. மேஜைக்கு நன்றி. காலையில் மூன்று பேரும் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்தோமே, நீ பன்னிரண்டு நிமிடம் பேசாமல் இருந்தாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதின்மூன்றாவது நிமிடம், "இந்த ஆளு இவளைக் கட்டிக்கப்போறானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டு என் நாவலைக் கெடுத்தாய். அதற்கும் நன்றி.

சனிக்கிழமை பாப்பா என் அறைக்குப் பச்சை நோட்டோடு வந்தாள். "ஒரே ஒரு பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே வாசித்தாள். "இன்று அம்மா இரண்டு முறை சிரித்தாள். அதில் ஒன்று என்னால்." சமையலறையில் குழாயை மூடிவிட்டு நீ அசையாமல் நின்றது எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்தே வைத்தாளே, அது உனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

"பரவாயில்லை" என்று மார்ச்சில் எழுத முடியவில்லை என்றேன். ரயிலில் மறுபடி முயன்று பார்த்தேன். அந்த நாளை மன்னித்துவிட்டேனா என்று இன்னும் தெரியவில்லை. உன்னை மன்னித்து ரொம்ப நாளாகியிருக்கும் போலிருக்கிறது. எனக்குத்தான் செய்தி தாமதமாக வந்திருக்கிறது. சாம்பல் நோட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதினேன். வண்டி ஆடியதில் கையெழுத்து கோணல். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் நாலு பக்கம் எழுதிவிட்டேன்.

நான் வந்து சமைத்து முடிக்கும்போது உன் அண்ணன் வேலையிலிருந்து வந்தார். "எப்படி இருந்துச்சு?" என்றார். வழக்கமாக "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போவேன். இந்த முறை அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். நீ, பாப்பா, அந்தப் பன்னிரண்டு நிமிடம், திறந்த கதவு, எல்லாவற்றையும். எடுத்துவைத்த சோறு ஆறிப்போனது. அவர் கழற்றிய ஒற்றைப் பூட்ஸைக் கையில் பிடித்தபடியே, இன்னொன்றைக் கழற்ற மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி